விமானம் இருக்கு, பைலட்டும் இருக்கார்... அப்புறம் என்ன?

விமான நிலையத்தில் ஒரு மனுஷனுக்கு வரக்கூடிய கோபங்களில் தலையாயது, அங்கே காபிக்குக் கேட்கும் விலையைப் பார்த்து வருவதுதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை. ஃப்ளைட் கேன்சல் என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு வெளியே நிற்கும் விமானத்தைப் பார்த்தபடியே நம்மை உட்கார வைக்கிறார்களே, அதுதான். அது பாட்டுக்கு வெயில் காய்ந்துகொண்டு நிற்கும். உள்ளே நாலு நாற்காலி தள்ளி, தோளில் நாலு தங்கப் பட்டையோடு ஒரு கேப்டன் செல்போனுக்கு சார்ஜ் போட்டுக்கொண்டு சமோசா சாப்பிடுவார். பக்கத்து சீட் ஆசாமி நம் பக்கம் திரும்பி, "வண்டியும் நிக்குது, டிரைவரும் உக்காந்திருக்காரு. எடுக்கறதுக்கு என்ன கேடு?" என்பார்.

நியாயமான கேள்வி. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இந்த தேசத்தில் அதிகம் பேர் கேட்ட கேள்வியும் இதுதான். மாப்பிள்ளைகள் முகூர்த்தத்துக்குப் போக முடியாமல், இன்டர்வியூவுக்குக் கிளம்பிய பையன்கள் டையோடு தரையில் படுத்துக்கொண்டு, பெட்டிகள் மலை மாதிரி குவிந்து... டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். பார்த்தவர் பாக்கியவான். உள்ளே இருந்தவர் பாடுதான் பாடு.

எனக்கு இந்த விஷயத்தைப் பளிச்சென்று புரியவைத்தவர் பைலட்டோ, ஏரோநாட்டிக்கல் இன்ஜினீயரோ இல்லை. என் ஒன்றுவிட்ட சித்தப்பா. அரசு பஸ் டெப்போவில் முப்பது வருஷம் டைம் கீப்பராகக் குப்பை கொட்டியவர். விமானத்தில் ஏறியது மொத்தம் இரண்டே தடவை. அதிலும் ஒரு தடவை பூரா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"ஏண்டா, பி.காம் படிச்சிருக்கே, இது தெரியலையா? வண்டி ஒரு கணக்கு, ஆள் ஒரு கணக்கு. ரெண்டையும் சேர்த்துக் கட்டிப் போட்டிருக்குன்னு நினைச்சியா? திருச்சி போன வண்டி அங்கேயே படுத்துடுச்சுன்னா, சாயங்காலம் சேலம் ட்ரிப்பை யாரு அடிக்கிறது? கண்டக்டர் இருப்பான், டிரைவர் இருக்க மாட்டான். டிரைவர் வந்து நிப்பான், டபுள் டூட்டி பார்த்துட்டுக் கண்ணு சொருகிப் போய் நிப்பான். நீ என்ன பண்ணுவே?" என்றார்.

விமானக் கம்பெனியும் இதேதான், கொஞ்சம் உயரத்தில்.

* * *

ஒரு விமானம் காலையில் சென்னையில் கண் விழித்து, டெல்லி, அங்கிருந்து புனே, மறுபடி பெங்களூர், கொச்சி என்று ஐந்தாறு ட்ரிப் அடித்துவிட்டு ராத்திரி வேறெங்கோ போய்ப் படுக்கும். பைலட்கள் அதோடேயே ஊர்வலம் போவதில்லை. டெல்லியில் இறங்கி வேறு விமானத்துக்கு மாறுவார்கள். ஏர்ஹோஸ்டஸ்கள் இன்னொரு கணக்கில் புனேயில் பிரிவார்கள். மூன்று தனித்தனி ஜாதகம். கேட் முன்னால் மூன்றும் பொருந்தி வந்தால்தான் நமக்குக் கல்யாணம், அதாவது பயணம்.

பொருத்தம் பார்ப்பதில் சிக்கல் ஒன்றா, இரண்டா? அந்த சமோசா கேப்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஏர்பஸ் ஓட்டுகிறவராக இருக்கலாம். எதிரே நிற்பது போயிங். ஏர்பஸ் ஓட்டத்தான் லைசென்ஸ் என்றால் போயிங் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. நம்மூர் லைசென்ஸ் மாதிரி, லாரிக்கு வாங்கி வைத்துக்கொண்டால் எல்லாவற்றுக்கும் ஆச்சு என்பதெல்லாம் அங்கே செல்லாது. ஒரே மாடலாகவே இருந்தாலும் டெல்லியில் பனிமூட்டமாக இருந்தால், அந்தப் பனியில் இறங்கத் தனிப் பயிற்சி எடுத்தவராக இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் டெல்லிப் பனிக்கு அப்படிப்பட்ட பைலட்களைப் போடாமல் விட்டதற்காக, 2024 ஜனவரியில் ஏர் இந்தியாவுக்கும் ஸ்பைஸ்ஜெட்டுக்கும் தலா 30 லட்ச ரூபாய் அபராதம் விழுந்தது.

எல்லாம் சரியாக இருந்தாலும் கடிகாரம் இருக்கிறதே! பைலட்டின் டூட்டி நேரம், விமானம் கிளம்பியதிலிருந்து அல்ல, அவர் வேலைக்கு ரிப்போர்ட் செய்த நிமிஷத்திலிருந்து ஓடுகிறது. ஆட்டோ மீட்டரில் வெயிட்டிங் ஓடுகிற மாதிரி. மழைக்காக ஐந்து மணி நேரம் கேட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால், அந்த ஐந்தும் கணக்கில் கழிந்துவிடும். கடைசியில் மழை நிற்கும், விமானம் ரெடி, பயணிகள் ரெடி, இறக்கை மாதிரி கையை விரித்துக்கொண்டு கேப்டன் மட்டும், "என் நேரம் முடிஞ்சு போச்சு" என்பார். அவர் சமோசா சாப்பிடுவது சோம்பேறித்தனத்தால் இல்லை சார். சட்டப்படி அவர் அப்போது பைலட்டே இல்லை. உங்களையும் என்னையும் மாதிரி ஒரு பயணி.

* * *

சரி, இப்படிக் குழம்பிப் போனால் கம்பெனிக்காரன் என்னதான் செய்வான்?

பெரிய கம்பெனிகளில் ஒரு கன்ட்ரோல் ரூம் இருக்கிறது. சுவர் முழுக்கத் திரை. ஒவ்வொரு விமானமும் ஒரு கோடு. அதில் உட்கார்ந்திருப்பவர்கள் முதலில் யோசிப்பது "எதைப் பறக்க விடலாம்?" என்று அல்ல. "எதை கேன்சல் பண்ணலாம்?" என்றுதான்.

கேன்சல் செய்வதிலும் ஒரு சாமர்த்தியம் உண்டு. சென்னை-பெங்களூரை மட்டும் தனியாக கேன்சல் செய்ய மாட்டார்கள். செய்தால் பெங்களூரிலிருந்து திரும்ப விமானம் இருக்காது. எனவே போக, வர இரண்டையும் ஜோடியாகத் தூக்குவார்கள். விமானம் சென்னையிலேயே நிற்கும். சும்மா நிற்கிறது என்று நமக்கு வயிறு எரியும். ஆனால் அது சும்மா நிற்கவில்லை. சாயங்காலம் அந்தமானுக்கோ துபாய்க்கோ போக வேண்டிய ட்ரிப்புக்காக ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. பெங்களூருக்கு ஒரு நாளைக்குப் பல ஃப்ளைட் உண்டு, அடுத்ததில் தள்ளிவிடலாம். அபூர்வமாகப் போகும் ஊருக்கு அப்படிச் செய்ய முடியாது. ஆகவே மகாஜனங்களே, அடிக்கடி ஃப்ளைட் இருக்கிற ரூட்டில் போகிறவன்தான் முதல் பலி! நிறைய பஸ் இருக்கிற ரூட் என்று நம்பிப் போனால், அதில்தான் இரண்டு பஸ்ஸை நிறுத்தியிருப்பார்கள். அதே லாஜிக்.

அடுத்தது, கையிருப்பு. ஓரிரண்டு விமானங்களை ஸ்பேராக வைத்திருப்பார்கள். வீட்டில் கொஞ்சம் பைலட்கள் யூனிஃபார்மை இஸ்திரி போட்டு மாட்டி, போன் மணிக்காகக் காத்திருப்பார்கள். இங்கேதான் என் காமர்ஸ் மூளை விழித்துக்கொள்கிறது. சும்மா நிற்கும் விமானத்துக்கும் மாசா மாசம் வாடகை உண்டு. பறந்தால்தான் காசு. எனவே எந்த அக்கவுன்டன்ட்டும் ஸ்பேர் விமானத்தைப் பார்த்து, 'இது எதுக்கு தண்டத்துக்கு?' என்றுதான் கேட்பார். நானே அந்த சீட்டில் இருந்தால் கேட்டிருப்பேன். நல்ல வருஷங்களில் அந்தக் கேள்விக்கு பதில் இருக்காது. கெட்ட வாரம் ஒன்று வரும்போதுதான் பதில் வரும், வட்டியோடு.

ஆள் இருக்கிற ஊரில் விமானம் இல்லை, விமானம் இருக்கிற ஊரில் ஆள் இல்லை என்றால்? ஆளை, பயணி மாதிரி சீட்டில் உட்கார வைத்து அனுப்புவார்கள். இதில் ஒரு தடவை உலகமே சிரித்தது. 2017 ஏப்ரல் 9. சிகாகோவிலிருந்து லூயிவில் போக வேண்டிய யுனைடெட் எக்ஸ்பிரஸ் விமானத்தில் எல்லோரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அப்புறம் பார்த்தால் ஊழியர்கள் நாலு பேர் வந்து நிற்கிறார்கள். மறுநாள் லூயிவில்லில் அவர்கள் போகாவிட்டால் ஒரு விமானம் முழுசாகப் படுத்துவிடும். 800 டாலர் வரை ஆசை காட்டியும் போதிய பேர் இறங்கவில்லை. கடைசியில் வயதான ஒரு டாக்டரை செக்யூரிட்டி ஆட்கள் தரதரவென்று இழுத்துப் போனார்கள். அந்த வீடியோவுக்குப் பிறகு யுனைடெட், சீட்டை விட்டுக்கொடுக்கிறவருக்கு 10,000 டாலர் வரை தரலாம் என்று விதியை மாற்றிக்கொண்டது. கணக்கு என்னவோ சரியான கணக்குதான்: நாலு சீட் போனால் ஒரு விமானம் பிழைக்கும். அந்த நாலாவது சீட்டில் ஒரு மனுஷன் இருந்ததைத்தான் கணக்கில் சேர்க்கவில்லை.

* * *

ஆனால் இந்த வித்தையெல்லாம் பலிக்க ஒன்று தெரிந்திருக்க வேண்டும். யார், எங்கே இருக்கிறார்கள் என்பது.

அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் கம்பெனியைப் பாருங்கள். பறப்பது எல்லாமே போயிங் 737. மாடல் குழப்பமே கிடையாது. எந்த பைலட்டும் எந்த விமானத்திலும் ஏறலாம். என் சித்தப்பா கேட்டால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார். 2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் பனிப்புயல் அடித்தது. டென்வரும் சிகாகோவும் உறைந்து போயின. மற்ற கம்பெனிகளும் அடிபட்டன, ஆனால் சீக்கிரம் எழுந்து உட்கார்ந்துவிட்டன. சவுத்வெஸ்ட் மட்டும் எழுந்திருக்கவில்லை.

ஏன்? மற்ற கம்பெனிகள் பெரும்பாலும் விழுப்புரம் ஜங்ஷன் மாதிரி ஒரு ஊரை வைத்துக்கொண்டு, விமானத்தை அங்கிருந்து அனுப்பி அங்கேயே திருப்பிக் கூப்பிடும். ஒரு கிளை வெட்டுப்பட்டால் அந்தக் கிளையோடு போச்சு. சவுத்வெஸ்ட் விமானங்களோ டவுன் பஸ் மாதிரி ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டே போகும். நடுவில் ஒரு ஊர் அறுந்தால், அதற்கு அப்புறம் உள்ள ஊரெல்லாம் அம்போ.

அப்புறம் கம்ப்யூட்டர். இந்த விமானத்துக்கு இந்த ஆள் என்று அது ஒரு விடை கண்டுபிடிப்பதற்குள், வெளியே இன்னும் நூறு ஃப்ளைட் கேன்சலாகி அந்த விடை பழசாகிவிடும். மனிதர்கள் பேப்பர், பென்சில், டெலிபோனோடு உட்கார்ந்தார்கள். பைலட்களும் ஏர்ஹோஸ்டஸ்களும் தாங்களாகவே போன் போட்டு, "நான் இன்ன ஊர்ல இருக்கேன், எனக்கு வேலை குடுங்க" என்று சொல்ல மணிக்கணக்காக லைனில் தொங்கினார்கள். யோசித்துப் பாருங்கள். விமானம் இருக்கிறது, பைலட் இருக்கிறார், வேலை செய்யத் தயாராகவும் இருக்கிறார். ஆனால் அவர் அங்கே இருப்பது ஆபீசுக்குத் தெரியாது!

கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? பனி விட்ட பிறகு, வானம் நீலமாக இருக்கும்போது, வேண்டுமென்றே மூன்றில் ஒரு பங்கு ஃப்ளைட்களை மட்டும் சில நாள் ஓட்டினார்கள். அந்த அவகாசத்தில் விமானங்களையும் ஆட்களையும் அவரவர் இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். டிசம்பர் 30-ம் தேதி திரும்ப முழு மூச்சில் ஆரம்பம். அதற்குள் கேன்சலானது ஏறக்குறைய 16,900 ஃப்ளைட். தவித்தவர்கள் 20 லட்சம் பேர். அமெரிக்க அரசு 2023 டிசம்பரில் விதித்த தண்டனை 14 கோடி டாலர். அதில் பெரும்பங்கு, வருங்காலப் பயணிகளுக்கான நஷ்டஈடாக.

இதே வைத்தியத்தைத்தான் 2025 டிசம்பர் 5 அன்று இண்டிகோவும் செய்தது. அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஃப்ளைட் கேன்சல். மறுநாள் காலையில் ஆளும் விமானமும் சரியான ஊரில் இருப்பதற்காக, எல்லாவற்றையும் நிறுத்தி முதலிலிருந்து ஆரம்பிக்கிறோம் என்று அதன் தலைவர் வீடியோவில் தோன்றிச் சொன்னார். தரையில் படுத்திருந்தவர்களுக்கு அது வெந்த புண்ணில் வேல். வியாதி முற்றியபின் அதுதான் மருந்து என்று எனக்குத் தோன்றுகிறது. முற்ற விட்டது யார் என்பது வேறு கேள்வி. அதற்கு வருகிறேன்.

* * *

காலி விமானம் பறப்பதைப் பார்த்து ஆத்திரப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். "நாங்க இங்கே நிக்கறோம், காலியா ஓட்டறான் பார்!" 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் எய்யாஃப்யாட்லயோகுட் என்ற எரிமலை (ஒரு மூச்சில் சொல்லிவிட்டால் உங்களுக்கு நானே டிக்கெட் எடுத்துத் தருகிறேன்) சாம்பல் கக்கியது. ஐரோப்பாவின் வானத்தையே பூட்டிவிட்டார்கள். சுமார் ஒரு லட்சம் ஃப்ளைட்கள், ஒரு கோடிப் பயணிகள். நடுவில் ஒரு சனிக்கிழமை, லுஃப்தான்ஸா தன் பத்து விமானங்களை மியூனிக்கிலிருந்து ஃப்ராங்க்ஃபர்ட்டுக்குக் காலியாக ஓட்டிச் சென்றது. வானம் திறந்த நிமிஷம் விமானங்கள் சரியான ஊரில் இருக்க வேண்டுமே!

சாம்பலுக்கு அவ்வளவு பயம் எதற்கு என்பவர்களுக்கு: 1982 ஜூன் 24. லண்டனிலிருந்து பம்பாய், நம்ம மெட்ராஸ் வழியாக கோலாலம்பூர் போய், அங்கிருந்து ஆஸ்திரேலியா கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ, ஜாவா மேலே எரிமலைச் சாம்பலில் மாட்டி நாலு எஞ்சினும் நின்றுவிட்டது. கீழே சறுக்கி வந்து, எஞ்சின்களைத் திரும்ப உயிர்ப்பித்து, சாம்பல் தேய்த்து மங்கிப் போன கண்ணாடி வழியே ஜகார்த்தாவில் இறக்கினார்கள். ஒருவருக்கும் சேதமில்லை.

சென்னையிலும் இது நடந்திருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் ரன்வே குளமானபோது, முப்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் தண்ணீரில் மாட்டிக்கொண்டன. தவித்த பயணிகளுக்கு அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி தளத்திலிருந்து ஃப்ளைட் விட்டார்கள். ரன்வே காய்ந்ததும் முதலில் அனுமதித்தது, மாட்டிக்கொண்ட விமானங்கள் காலியாகக் கிளம்பிப் போவதற்குத்தான். அப்புறம்தான் பயணிகள்.

எல்லாம் திறந்த பிறகும் நம் முறை வர நாளாவது ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 180 சீட் விமானம். 150 பேர் ஏற்கெனவே புக் செய்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலி 30. நேற்று கேன்சலான விமானத்தின் 150 பேரை அந்த முப்பது முப்பதில் திணித்தால் ஐந்து ஃப்ளைட் வேண்டும். கேன்சலானது பத்து என்றால் ஐம்பது. இன்றைக்கு டிக்கெட் எடுத்தவன் ஜம்மென்று ஏறிப் போவான். நேற்றைக்கு எடுத்தவன் பார்த்துக்கொண்டிருப்பான். அநியாயமாகத் தெரியும். ஆனால் இன்றையவனை இறக்கினால் நாளைக்கு அவன் தவிப்பான்.

விமானமே போதும், ஆளே வேண்டாம் என்ற காலமும் ஒன்று வந்தது. 2020 கொரோனா. சீட்டைக் கழற்றிவிட்டு, ஜனங்கள் உட்கார்ந்த இடத்தில் முகமூடிப் பெட்டிகளை அடுக்கிப் பறந்தார்கள். ஸ்வீடனில் வேலையில்லாமல் இருந்த ஏர்ஹோஸ்டஸ்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்து ஆஸ்பத்திரி உதவிக்கு அனுப்பினார்கள். நெருக்கடியில் பதற்றப்படாத ஆட்கள், முதலுதவி தெரிந்தவர்கள். இதைவிட நல்ல ரீடிப்ளாய்மென்ட் நான் கேள்விப்பட்டதில்லை.

* * *

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். முற்ற விட்டது யார்?

2025 நவம்பர் 1 முதல் இந்திய பைலட்களுக்கு ஓய்வு விதிகளின் இரண்டாம் கட்டம் அமலானது. முதல் கட்டம் ஜூலையிலேயே வந்துவிட்டது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி. ராத்திரியில் தரையிறங்குவது ஆறிலிருந்து இரண்டாகக் குறைப்பு. விதி ராத்திரியோடு ராத்திரியாக வரவில்லை, முன்கூட்டியே தெரிந்ததுதான். அதற்குத் தேவையான பைலட்களைச் சேர்க்காமல், குளிர்கால அட்டவணையையும் முழுசாகப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? ஆனதைத்தான் பார்த்தோமே. நாட்டின் உள்நாட்டுப் பயணிகளில் பாதிக்கும் மேல் ஒரே கம்பெனியில் போகிறபோது, அது தும்மினால் ஊருக்கே ஜலதோஷம். டிசம்பர் 5-ம் தேதி அரசாங்கம் சில விதிகளைத் தளர்த்தியது. ராத்திரி டூட்டி விஷயத்தில் இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு.

"அப்பாடா, பைலட் கிடைச்சாச்சு!" என்று நாமெல்லாம் கை தட்டினோம். எனக்கு அங்கேதான் உறுத்துகிறது.

2010 மே 22. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் விடியற்காலையில் மங்களூர் மலை மேல் ரன்வேயைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் தப்பினார்கள். காக்பிட் பேச்சைப் பதிவு செய்யும் கருவியில் இரண்டு மணி நேரத்துச் சொச்சம் பதிவு. அதில் முதல் ஒரு மணி நாற்பது நிமிஷம் கேப்டன் தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டைச் சத்தம் பதிவாகியிருந்தது. தூங்கி எழுந்த அசதியில் அவர் எடுத்த முடிவுகளை விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது.

அன்று அந்த விமானம் இருந்தது. கேப்டன் இருந்தார். ஃப்ளைட் கேன்சலாகவில்லை.

ஏர்போர்ட் தரை சில்லென்று இருக்கும், முதுகு பிடித்துக்கொள்ளும், ஒப்புக்கொள்கிறேன். இரண்டில் ஒன்று என்றால் நான் தரையில் படுத்துக்கொள்கிறேன்.

2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க வானத்தை மூடியதும், கனடாவில் காண்டர் என்ற சின்ன ஊரில் 38 பெரிய விமானங்கள் வந்து இறங்கின. ஊர் ஜனத்தொகையே பத்தாயிரம் பக்கம். வந்து குதித்தவர்கள் ஆறாயிரத்து ஐந்நூறுக்கும் மேல். ஊர்க்காரர்கள் பள்ளிக்கூடம், சர்ச், கிளப் எல்லாம் திறந்துவிட்டார்கள். கம்பளி கொடுத்தார்கள், சமைத்துப் போட்டார்கள். ஹோட்டல் ரூம்கள்? பயணிகளுக்கு இல்லை. பைலட்களுக்கும் விமான ஊழியர்களுக்கும் ஒதுக்கினார்கள். வானம் எந்த நிமிஷமும் திறக்கலாம், அப்போது ஓட்டுகிறவர் தூங்கி எழுந்தவராக இருக்க வேண்டும் என்று அந்தச் சின்ன ஊருக்குத் தெரிந்திருந்தது.

கடைசியாக ஒரு உபாயம், ஓசியில். கவுன்டரில் உள்ள பெண்ணிடம் போய், "எப்பம்மா கிளம்பும்?" என்று கேட்காதீர்கள். பாவம், அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. திரையில் இருப்பதைத்தான் படிக்கும். "எங்க ஃப்ளைட்டுக்கான விமானம் இப்ப எந்த ஊர்ல இருக்கு? க்ரூ டூட்டி எத்தனை மணி வரைக்கும்?" என்று கேளுங்கள். நான் ஒரு தடவை கேட்டேன். அந்தப் பெண் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்து, "ஹைதராபாத்ல சார். இன்னும் அங்கேருந்தே கிளம்பல" என்றாள்.

நன்றி சொல்லிவிட்டு நிதானமாக இரண்டு மசால் தோசை சாப்பிடப் போனேன்.